எனக்கு மணக்காத விஷம்

எங்கள் ஆசுபத்திரி வாசலில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. த்ரீவீலர்கள் வந்து நிற்பது அதன் கீழேதான். நோயாளியை இறக்குவதற்கு முன் சிலர் காவலாளியிடம் ஒரு கேள்வி கேட்பார்கள்: "அந்த மிஸ் இண்டைக்கு டியூட்டியா?" அவர் தலையாட்டினால், மூச்சுப் போகிற அவசரமில்லாதவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டு அடுத்த முறைக்காரி வந்த பிறகு வருவார்கள். அந்த மிஸ் நான்தான். எங்கள் பக்கத்தில் தாதிமாரை மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். என் பெயர் பாதிப்பேருக்குத் தெரியாது. "ஏசுற மிஸ்" என்றால் ஆலங்குடாவிலிருந்து கரைத்தீவு வரைக்கும் தெரியும்.

இதைக் கேட்டு நான் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. பெருமைப்பட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சின்ன ஆசுபத்திரி. அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் பெண்கள் வார்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆள் குறைந்த நாட்களில் இரண்டையும் நானே பார்ப்பேன். இருபது வருடத்துக்கு மேல் அதே வாசலில் நின்றால் கண்ணும் மூக்கும் தாமாகப் பழகிவிடும். எங்கள் பக்கம் முழுக்க வெங்காயமும் மிளகாயும் போடுகிற மணல் தோட்டங்கள். வீட்டுக்கு வீடு பூச்சி மருந்து இருக்கும். அதைக் குடித்தவரை உள்ளே தூக்கி வரும்போதே எனக்கு மணந்துவிடும். மணக்காவிட்டால் கண்ணைப் பார்ப்பேன். கண்மணி குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கி, வாயால் நீர் வடிந்து, உடம்பெல்லாம் வேர்த்து, தொடைச் சதை துடித்துக்கொண்டிருக்கும். போதைத் தூள் பாவித்தவனுக்கும் கண்மணி சுருங்கும். ஆனால் அவன் உடம்பு காய்ந்திருக்கும், மூச்சு விட்டு விட்டு வரும், நகம் நீலம் பாய்ந்திருக்கும். நஞ்சுள்ள பேத்தை மீனைக் கறியாக்கிச் சாப்பிட்டவர் உதடு விறைக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருவார். கடல் பாம்பு கடித்தவர் வலை இழுத்த உளைவு என்று நினைத்து வருவார். கண்ணிமை பாதி விழுந்திருக்கும். டொக்டர் எழும்பி வருவதற்குள் இன்னதென்று சொல்லிவிடுவேன். புதிதாக வருகிற டொக்டர்மார் இரண்டு மாதத்தில் என்னைக் கேட்காமல் ஒன்றும் எழுத மாட்டார்கள்.

எங்கள் சனத்திடம் ஒரு பழக்கம். ஆசுபத்திரிக்கு அழுக்காகப் போகக் கூடாது. நஞ்சு குடித்தவளைக் கூடக் கிணற்றடியில் வைத்துக் குளிப்பாட்டி, நல்ல உடுப்பு மாற்றி, பவுடர் போட்டுத்தான் கொண்டுவருவார்கள். கிறிஸ்தவ வேதக்காரர் என்றால் ஓடிக்கொலோன், முஸ்லிம்கள் என்றால் அத்தர். "சும்மா தலைச்சுத்து மிஸ்" என்பார்கள். ஊர் கதைக்கும், பொலிஸ் வரும் என்ற பயம். நான் மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்துவிட்டுத் தொடங்குவேன்.

"குளிப்பாட்டின நேரத்துக்கு ஆளக் கொண்டுவந்திருக்கலாமே! இது என்ன மையத்தா, கழுவிக் கொண்டுவாறதுக்கு?"

பிணமா என்று ஒரு தாயிடம் அப்படிக் கேட்டிருக்கிறேன். மகள் கட்டிலில் துடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டிருக்கிறேன். அந்தத் தாய் பயத்தில் உண்மையைக் கக்கினாள், மகளும் பிழைத்தாள். ஏச்சு வேலை செய்கிறது என்று நான் முடிவுகட்டியது அப்படித்தான். ஏச்சுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டவர்கள் என் கணக்கில் எப்படி வருவார்கள்?

நஞ்சு குடித்தவர்களை விட எனக்குப் பொல்லாத கோபம் வருவது மருந்து கலக்கிறவர்களைக் கண்டால்தான். காய்ச்சல் என்றால் எங்கள் ஆட்கள் முதலில் சந்திக் கடையில் கடதாசியில் சுற்றித் தருகிற குளிசையை வாங்குவார்கள். அது கேட்காவிட்டால் டிஸ்பென்சரி. அங்கே பெயரெழுதாத சின்ன உறையில் போட்டுக் கொடுப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மச்சி தந்த குளிசை அட்டை ஒன்றும் அலுமாரிக்குள் இருக்கும். எல்லாம் முடிந்த பிறகு நாங்கள். தருகிற கை மாறினால் மருந்தும் வேறு என்று அவர்களுக்கு நினைப்பு. கடைக் குளிசை வட்டம், டிஸ்பென்சரிக் குளிசை நீளம், வெளிநாட்டுக் குளிசையில் ஏதோ எழுத்து வெட்டியிருக்கும். எல்லாம் ஒரே பரசிட்டமோல் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை. ஏச மட்டும் ஏசினேன்.

ஒரு நாள் வெளிநோயாளர் வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் பையைப் பிடுங்கி, உள்ளே இருந்த அவ்வளவையும் எல்லாரும் பார்க்கக் குப்பை வாளியில் கவிழ்த்தேன். "ஊரெல்லாம் மருந்தெடுத்து முடிச்சிட்டு, சாகிறதுக்கு மட்டும் எங்களிட்ட வாறீங்களோ?" வரிசை சிரித்தது. அந்தப் பெண்ணும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு குனிந்து வாளிக்குள்ளிருந்து தன் சில்லறையையும் சாவியையும் பொறுக்கி எடுத்தாள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

இது நடந்து சில மாதங்களில் மாரி வந்தது. மழை வந்தால் நுளம்பு, நுளம்பு வந்தால் டெங்கு. வார்டில் கட்டில் போதாமல் தரையில் பாய் போட்டிருந்தோம். அந்த நாட்களில் ஒரு காலை அவள் வந்தாள்.

முப்பத்தைந்து வயதிருக்கும். கரைத்தீவுப் பக்கத்துக் குடியிருப்பு. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம்களின் பிள்ளை. கைக்குழந்தையாகத் தாயின் இடுப்பில் வந்தவள். வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை. புருசன் களப்பில் இறால் பிடிக்கிறவன். நாலு நாளாகக் காய்ச்சல், தின்றதெல்லாம் வெளியே வருகிற சத்தி, வலது விலாவுக்குக் கீழே நோ. டொக்டர் புதியவர், தெற்கிலிருந்து வந்த சிங்களப் பெடியன், நல்ல பிள்ளை. அவருக்குத் தமிழ் நாலு சொல்தான் தெரியும். அவர் கேட்பதை நான் தமிழில் கேட்டு, அவர்கள் சொல்வதைச் சிங்களத்தில் அவருக்குச் சொல்ல வேண்டும். வேறு ஏதாவது மருந்து குடித்தாளா என்று கேட்கச் சொன்னார். ஆறுதலாகக் கேளுங்கள் என்றும் சொன்னார்.

"வேற எங்கயாவது மருந்தெடுத்தீங்களா? கடை கிடை, டிஸ்பென்சரி?" என்று கேட்டேன்.

நான் ஏசவில்லை. கேள்விதான் கேட்டேன். ஆனால் என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குக் கேட்காது, எதிரில் இருப்பவர்களுக்குத்தான் கேட்கும். அவள் புருசனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"இல்ல மிஸ். ஒண்டும் எடுக்கல்ல."

சொல்லும்போதே மடியில் இருந்த கறுப்புக் கைப்பையை அபாயாவுக்குள் இழுத்துக்கொண்டாள். நான் அதைக் கண்டேன். அதுதான் என்னைக் கொல்கிறது. காணாமல் விட்டிருந்தால் மனம் ஆறியிருக்கும். நகை வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். நஞ்சு மணக்கவில்லை, கண்மணி சரியாக இருந்தது, நாடி சரி, கேட்டதுக்குத் தெளிவாகப் பதில் சொன்னாள். வேறு மருந்து எதுவும் எடுக்கவில்லை என்று டொக்டருக்குச் சொன்னேன். அவர் அதை அப்படியே எழுதினார்.

டெங்கு என்று வார்டில் சேர்த்தோம். பெரிய கரைச்சல் தராத நோயாளி. அன்று பின்னேரமே கேட்டாள்:

"மிஸ், எப்ப டிக்கட் வெட்டுவீங்க?"

டிக்கட் வெட்டுவது என்றால் வீட்டுக்கு அனுப்புவது. என்ன அவ்வளவு அவசரம் என்று கேட்டேன். அடுத்த கிழமை பயணம் என்றாள். வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலை. மெடிக்கல் பாஸ் பண்ணி, எல்லாம் சரியாகி, நாளும் குறித்தாகிவிட்டது. இந்த முறை தவறினால் இனி எடுக்க மாட்டார்களாம். தகரக் கூரையை மாற்ற வேண்டும், மகள் பெரிய பிள்ளையாகப் போகிறாள், கதவில்லாத வீடு என்றாள்.

"காய்ச்சல் விடாம டிக்கட் இல்ல" என்றேன். "தேர்மோமீட்டர் சொல்லணும், நீங்க சொல்லிப் பிரயோசனமில்ல."

அடுத்த முறை தேர்மோமீட்டர் வைத்தபோது காய்ச்சல் குறைந்திருந்தது. அதற்கடுத்த முறை இல்லை. எனக்குச் சந்தோசம். ஒவ்வொரு வேளையும் அட்டவணைப்படி பரசிட்டமோலை என் கையாலேயே கொடுத்தேன். என் முன்னாலேயே தண்ணீர் குடித்து விழுங்கினாள். டெங்கில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் பயம் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதனால் எல்லாருடைய கண்ணும் இரத்தப் பரிசோதனைத் துண்டில் இருந்தது, அதில் பயப்பட ஒன்றும் இல்லை. சத்தி எடுத்தாள், டெங்குக்காரர் எல்லாரும் எடுக்கிறார்கள். விலா நோகிறது என்றாள். அதையும் எல்லாரும் சொல்கிறார்கள்.

இரண்டாம் நாள் ஜன்னலோரம் இருந்து தனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஓதுகிறாளாக்கும் என்று நினைத்தேன். கேட்டதற்குச் சிரித்தாள். "அரபு வாசிக்கத் தெரியும் மிஸ், சின்னதில ஓதினதானே. கதைக்கத்தான் தெரியாது. தண்ணி, சோறு, வரட்டா, போகட்டா, இதையெல்லாம் பாடமாக்குறன்."

"அங்க போனா தானா வரும்" என்றேன். அவளிடம் நான் அன்பாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குப் போனபோது கட்டிலில் இருந்தபடி அபாயாவைத் தலைகீழாகப் போட முயன்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "உம்மா, வேன் வந்துட்டு, செருப்பக் காணல்ல" என்றாள். ஜன்னல் வெளிச்சத்தில் அவள் கண்ணைப் பார்த்தேன். வெள்ளைமுழி மஞ்சளாக இருந்தது. பஸ்ஸை மறிக்கிற மாதிரி இரண்டு கையையும் நீட்டச் சொன்னேன். கைகள் நிற்கவில்லை, மணிக்கட்டில் மடிந்து மடிந்து விழுந்தன. ஈரல் போகிறவர்களின் கை அப்படித்தான் விழும். ஓடிப்போய் டொக்டரைக் கூட்டிவந்தேன். டெங்கிலும் ஈரல் பாதிக்கும் என்று அவர் சொன்னார், ஆனால் முகம் வெளுத்துவிட்டது. பெரியாசுபத்திரிக்கு அனுப்ப அம்புலன்சுக்குச் சொன்னோம்.

புருசன் சாரத்தை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தான். சாமான்களை எடுத்து வைக்கச் சொன்னேன். தலையணையைத் தூக்கினான். கீழே அந்தக் கறுப்புக் கைப்பை. அவன் அதை எடுத்து நெஞ்சோடு பிடித்தபடி என்னைப் பார்த்த பார்வையில்தான் எனக்கு ஏதோ விளங்கியது. வாங்கித் திறந்தேன். பாஸ்போட், ஓதுகிற தஸ்பீஹ் மணி, கடதாசியில் சுற்றிய குளிசை, பெயரெழுதாத உறையில் குளிசை, முக்கால்வாசி வெறுமையான ஒரு வெளிநாட்டு அட்டை. டொக்டர் அட்டையைத் திருப்பி வாசித்தார். பிறகு மற்ற இரண்டையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். எல்லாம் ஒன்று. நான் வேளைக்கு வேளை கொடுத்ததும் அதே பரசிட்டமோல்தான். அளவு மிஞ்சினால் ஈரலைத் தின்றுவிடும்.

"ஏன் சொல்லல்ல?" என்று அவனைக் கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் குரல் எழும்பவில்லை.

"செல்லத்தான் நெனச்ச மிஸ்" என்றான். "முந்தி ஒரு பொம்புளட பையக் குப்பையில கொட்டினீங்களே. அண்டைக்கு நாங்களும் லைன்ல நிண்ட. இதுக்குள்ள பாஸ்போட் இரிக்கி, மிஸ் கண்டா கொட்டிப்போடுவா எண்டு பயந்துட்டா. காய்ச்சல் இல்லாட்டி டிக்கட் வெட்டுவீங்கண்டு செல்லினீங்களாம். நீங்க தேர்மோமீட்டர் கொண்டுவாறத்துக்கு முந்தி ஒவ்வொரு தரமும் போட்டிருக்கா. நல்ல மருந்துதானே, காய்ச்சல் கொறையிதுதானே எண்டு நானும் ஒண்டும் செல்லல்ல."

நானும் அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டேன். வரிசை சிரித்ததே, அதில் இவர்கள் சிரித்திருப்பார்களா என்று யோசித்தேன். சிரித்திருக்க மாட்டார்கள்.

அம்புலன்சில் நான்தான் கூடப் போனேன். வெயில் ஏறிவிட்டது. வழிநெடுக உப்பளங்கள் கண்ணைக் கூசவைத்தன. புத்தளம் பாதையில் எத்தனை தரம் போயிருக்கிறேன், அன்று அது முடியவே இல்லை. பாதி வழியில் அவளுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. என்னை அடையாளம் கண்டாள். கண்டதும் என் கையிலிருந்து தன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"ஏசாதீங்க மிஸ்" என்றாள்.

ஏச மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாளோ தெரியாது. அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை.

பெரியாசுபத்திரியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒளித்துப் போட்டதையும் சொன்னேன், நான் கொடுத்ததையும் சொன்னேன். அதற்கு மாற்றுமருந்து இருக்கிறது. ஏற்றினார்கள். வந்த முதல் நாளே தெரிந்திருந்தால் நல்லது என்று அங்கிருந்த டொக்டர் சொன்னார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். ஈரல் மீளாமல், பயண நாளுக்கு முதல் நாள் அவள் மௌத்தானாள்.

புருசன் என் வீட்டைத் தேடி ஆலங்குடாவுக்கு வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்காமல் நின்றபடியே சொன்னான்:

"மிஸ், ஊருக்குள்ள டெங்கு எண்டே இரிக்கட்டும். குளிசை எண்டு வெளிய வந்தா, வேணுமெண்டு போட்டுக்கிட்டா எண்டுதான் சனம் கதைக்கும். மகள் இரிக்கா. எங்கட ஆக்களுக்க அது பெரிய ஹராம், தெரியும்தானே."

சரி என்றேன். எழுத வேண்டிய இடத்தில் உள்ளதை எழுதியாகிவிட்டது. ஊரிடம் வாயைத் திறக்கவில்லை. அதனால் ஊருக்கு ஒன்றும் தெரியாது. சந்திக் கடையில் இன்றைக்கும் கடதாசியில் சுற்றிக் கொடுக்கிறார்கள். நான் பாண் வாங்கப் போகும்போது பார்க்கிறேன். ஏசலாம். ஏசினால் ஏன் என்று கேட்பார்கள், அவனுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. அவள் பெயரைச் சொல்லாமல் குளிசையைப் பற்றி மட்டும் இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்லிக் கொடுக்கிறேன். இந்த வட்டமும் இந்த நீளமும் ஒன்று, இரண்டையும் போடாதீங்க என்று. முதலே செய்திருக்க வேண்டிய வேலை.

விசாரணை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. என்னை ஒருவரும் பிழை பிடிக்கவில்லை. வேறு மருந்து எடுக்கவில்லை என்று துண்டில் தெளிவாக எழுதியிருந்தது. அந்த இளம் டொக்டர் தனியாக வந்து, உங்கள் பிழை இல்லை என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அந்தப் பிள்ளையிடம் எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் எழுதியது என் வாயிலிருந்து வந்தது, அவள் அப்படிச் சொன்னது என் வாய்க்குப் பயந்து. அதைப் பதிகிற கட்டம் எந்தத் துண்டிலும் இல்லை.

அதன் பிறகு மெதுவாகக் கதைக்கப் பழகினேன். என் வயதில் அது லேசில்லை. ஒன்றும் பலிக்கவுமில்லை. நான் தணிந்து கேட்டால் சனத்துக்கு இன்னும் பயம். ஒரு கிழவர், நான் அன்பாக "என்னய்யா செய்யுது" என்று கேட்டதும், தனக்கு ஏதோ பெரிய வருத்தம், மிஸ் மறைக்கிறா என்று அழத் தொடங்கிவிட்டார். வார்டில் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் பைகள் அப்படியே மடிக்குள்தான் இருந்தன. கேட்டால், "இல்ல மிஸ்."

போன கிழமை பின்னேர முறைக்காக மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினேன். சாதாரணச் சேலை, கையில் குடை. வேப்பமரத்தடியில் ஒரு த்ரீவீலர் நின்றது. உள்ளே ஒரு இளம் பெண் காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். மடியில் ஒரு பூப்போட்ட பை. அதன் வாரைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள். காவலாளியைக் காணவில்லை. கூட வந்தவள், அவளுடைய மூத்த சகோதரி, அவர்கள் சொல்லில் தாத்தாவாக்கும், இறங்கி என்னிடம் வந்தாள். என்னை அவளுக்குத் தெரியவில்லை.

"அக்கா, அந்த ஏசுற மிஸ் இண்டைக்கு இரிக்காவா?"

வண்டிக்குள் கிடந்தவள் தலையைத் தூக்கி என் பதிலுக்காகப் பார்த்தாள்.

"இல்ல" என்றேன். "அவ மாறிப் போயிட்டா. இனி வர மாட்டா. பயப்படாம உள்ளுக்குப் போங்க. பையில இருக்கிற மருந்து எல்லாத்தையும் மேசையில வச்சுக் காட்டுங்க. ஒருத்தரும் ஏச மாட்டாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் அந்தத் தாத்தா, நெஞ்சில் கைவைத்து, மனம் நிறைந்து. தங்கச்சியைத் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

நான் குடையை விரித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே, அவர்கள் காணாத பக்கமாக நின்றேன். உள்ளே காலை முறையில் நின்ற இளம் தாதி, சின்ன மிஸ், ஏதோ கேட்டாள். காய்ச்சல்காரி கையிலிருந்து வாரை அவிழ்த்துப் பையைத் திறந்தாள். கடதாசிச் சுற்று ஒன்று, உறை ஒன்று, அட்டை ஒன்று என்று ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். என் முறை தொடங்கிக் கால்மணித்தியாலம் ஆகிவிட்டது. நான் உள்ளே போகவில்லை.